தன்னைத் தோற்கடித்த லிங்கனின் வெற்றியை அறிவித்தவர்... எதிரிப் படைத் தளபதி ஆனது எப்படி?

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் மீது உலகத்தின் கண்ணே இருந்தது. அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணி, தன் அணி தோற்றதைத் தன் வாயாலேயே அறிவிக்க வேண்டிய நிலை. இதே இக்கட்டை 160 வருஷத்துக்கு முன்னாடி இன்னும் மோசமான சூழலில் சந்தித்தவர் ஒருவர் உண்டு. பெயர் ஜான் சி. பிரெக்கின்ரிட்ஜ்.

கென்டக்கி மாநிலத்து அரசியல் குடும்பம். தாத்தா, ஜெபர்சன் அரசில் அட்டர்னி ஜெனரல். பேரன் வக்கீல், அருமையான பேச்சாளர். 1857-ல் துணை அதிபர் ஆனபோது வயசு 36தான். அந்தப் பதவிக்கு அதைவிடச் சின்ன வயதில் இன்று வரை யாரும் வந்ததில்லை.

1860 தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்தது. காரணம், அடிமை முறை. புதிய பிரதேசங்களுக்கு அடிமைகளைக் கொண்டுபோக உரிமை வேண்டும் என்ற தெற்குப் பிரிவின் வேட்பாளர் பிரெக்கின்ரிட்ஜ். லிங்கனுக்கு 180 தேர்வாளர் வாக்குகள், இவருக்கு 72. சொந்த மாநிலமான கென்டக்கியே கைவிட்டுவிட்டது.

எண்ணும் நாளில் என்ன நடந்தது?

1861 பிப்ரவரி 13. தென் கரோலினா தொடங்கி, தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்துபோய்க்கொண்டிருந்த நேரம். எண்ணிக்கையைக் குலைக்கப் போகிறார்கள் என்று வாஷிங்டன் முழுக்க வதந்தி. வாசலில் ராணுவக் காவல். நாற்காலியில் இருந்தவரோ தோற்றுப்போன வேட்பாளர். ஆனால், அவர் எந்தக் குளறுபடியும் செய்யவில்லை. வாக்குகளை முறைப்படி எண்ணவைத்து, லிங்கன் ஜெயித்தார் என்று அறிவித்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவர் ஹீரோ. ஆனா முடியல.

அடுத்த மாதமே செனட்டர் ஆனார். போர் வெடித்தது. லிங்கனின் போர் நடவடிக்கைகள் சட்டவிரோதம் என்று செனட்டில் வாதாடிக்கொண்டே இருந்தார். செப்டம்பரில் கென்டக்கி, லிங்கன் அரசின் பக்கம் சாய்ந்தது. பிரிவினை ஆதரவாளர்களைக் கைது செய்யத் தொடங்கியதும் தெற்கே தப்பியோடி, பிரிவினைப் படையில் தளபதி ஆனார். டிசம்பர் 4-ல் செனட் அவரை 36-0 என்ற வாக்கில் வெளியேற்றியது. தீர்மானத்திலேயே ‘துரோகி’ என்று எழுதியிருந்தார்கள்.

சட்டப்படி எண்ணிய அதே கை, அந்த முடிவுக்கு எதிராகவே வாளெடுத்தது. அடிமை முறையைக் காக்கும் அரசு அது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கைதுக்குப் பயந்து ஓடினார் என்பது பாதி உண்மைதான்.

போர்க்களத்தில் அவர் சோடை போகவில்லை. ஷைலோவில் சண்டையிட்டார். 1864 மே மாதம் நியூ மார்க்கெட் சண்டையில் ஆள் பற்றாக்குறை. வர்ஜீனியா ராணுவப் பள்ளி மாணவர்கள் 257 பேரைக் களமிறக்கினார். பலர் பதின்வயதுப் பையன்கள். சண்டையில் ஜெயித்தார். மாணவர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். அதே வருஷம் ஜூலையில், தான் துணை அதிபராக இருந்த வாஷிங்டனின் எல்லை வரைக்கும் தாக்க வந்த படையிலும் இருந்தார்!

1865 பிப்ரவரியில் போர்த் துறை அமைச்சர். தோல்வி உறுதி என்று புரிந்ததும், கெரில்லாப் போர் வேண்டாம், கௌரவமாகச் சரணடைவோம் என்றார். ஆவணங்களை எரிக்காமல் காப்பாற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு.

பிறகு புளோரிடா வழியாகப் படகில் கியூபா. அங்கிருந்து பிரிட்டன், கனடா. 1868 கிறிஸ்துமஸ் நாளில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பொதுமன்னிப்பு கொடுத்த பிறகே ஊர் திரும்பினார். அரசியல் பக்கம் தலைவைக்கவில்லை. கு க்ளக்ஸ் கிளானை வெளிப்படையாகக் கண்டித்தார். 1875-ல் இறந்தபோது வயது 54.

அவர் சிலை லெக்சிங்டன் பழைய நீதிமன்ற வளாகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. அடிமைகளை ஏலம் விட்ட இடம் அது. 2017-ல் அங்கிருந்து அகற்றி, பிறகு அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.