மூங்கில் கணுவுக்குள் காவல் காக்கும் 'அப்பா தவளை'... வெட்டினால் குடும்பமே காலி! நெல்லை மலையில் என்ன நடக்கிறது?

அளவு என்னவோ ஒரு ரூபாய் நாணயம்தான். பளிச்சென்ற பச்சை உடம்பு, சாம்பல் கலந்த நீலத் தொடை, கறுப்புக் கண்ணில் தங்கத் திட்டுகள். இதன் அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டிஸ் சலசோடிஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. நெல்லை மாவட்டத்தின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இதன் முக்கிய வாழிடம்.

காணாமல் போன தவளையா?

ஆமாம். 1876-ல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை முதலில் விவரித்தார். அதன் பிறகு ஆளே காணோம். 130 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2011-ல்தான் இது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானது.

வீடு எங்கே?

கேரளத்தில் 'ஈற்ற' என்று அழைக்கப்படும் நாணல் மூங்கிலின் கணுவிடைக்குள்! மூங்கிலில் இருக்கும் சில மில்லிமீட்டர் அகலப் பிளவு வழியாக உடம்பை நுழைத்து உள்ளே போகிறது. பெண் தவளை முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். காவல் டியூட்டி முழுக்க அப்பாவுக்குத்தான். தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான் வரும்.

அப்பா இல்லாவிட்டால்?

ஆய்வாளர் சேஷாத்ரி குழுவினர் சில கணுக்களிலிருந்து ஆண் தவளையை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். முட்டைகள் பெருமளவில் அழிந்தன. தின்றது பாம்போ பூச்சியோ இல்லை, பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்!

அப்புறம் என்ன ஆபத்து?

இந்தத் தவளையை யாரும் வேட்டையாடுவதில்லை. ஆனால் காகிதக் கூழுக்கும், கூடை, பாய் பின்னுவதற்கும் நாணல் மூங்கில் வெட்டப்படுகிறது. காப்பகத்துக்குள் பாதுகாப்பு உண்டு. வெளியே அந்த அளவுக்கு இல்லை. எல்லா மூங்கிலும் இதற்கு வீடாகிவிடாது. சரியான இடத்தில் பிளவு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணு கிடைப்பதே அபூர்வம். வெட்டுபவருக்கு உள்ளே முட்டை இருப்பது வெளியிலிருந்து தெரியவும் தெரியாது.

ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் 'மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனம்' என்ற பிரிவில் இது வைக்கப்பட்டது.

மூங்கில்தான் திரும்ப முளைக்குமே?

முளைக்கும். ஆனால் வெட்டிய கணுவுக்குள் இருந்த முட்டைகளும், அதைக் காத்த அப்பாவும் திரும்ப வரமாட்டார்கள். மூங்கிலையே நம்பிப் பிழைக்கும் மக்களும் இருக்கிறார்கள் என்பதால், 'வெட்டவே கூடாது' என்பது தீர்வாகாது. எங்கே, எப்போது, எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் இந்தக் குட்டித் தவளையின் உயிர் இருக்கிறது.