சூடோ, பட்டினியோ... ஈஸ்ட் செல் அடிக்கும் ஒரே 'அலாரம்': கண்டுபிடித்தது எப்படி?

பன், பிரெட் மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், ஒரே செல் கொண்ட பூஞ்சை. திடீரென சூடு ஏறினாலும், உணவு தீர்ந்துபோனாலும் ஓடி ஒளிய அதற்குக் கால் கிடையாது. இருந்த இடத்திலேயே சமாளிக்க வேண்டும். எப்படிச் சமாளிக்கிறது? பதில் அதன் மரபணுக்களில் இருக்கிறது.

எந்த மரபணு 'ஆன்' என எப்படித் தெரியும்?

ஈஸ்ட்டின் முழு மரபணு வரிசை 1996-ல் வெளியானது. மொத்தம் சுமார் 6,000 மரபணுக்கள். எல்லாமே எந்நேரமும் வேலை செய்யாது. ஒரு மரபணு 'ஆன்' ஆனால் ஆர்என்ஏ எனும் நகல் உருவாகும். அந்த நகல்களின் அளவைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இதற்கு வந்ததுதான் டிஎன்ஏ சிப். கண்ணாடி ஸ்லைடில் மரபணுவுக்கு ஒரு புள்ளி. சூடுபட்ட செல்லின் நகல்களுக்குச் சிவப்புச் சாயம், சாதாரண செல்லுக்குப் பச்சை. இரண்டையும் கலந்து ஸ்லைடில் விட்டால், ஒவ்வொன்றும் தன் ஜோடிப் புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு தெரிந்தால் அந்த மரபணு சுறுசுறுப்பாகிவிட்டது. பச்சை என்றால் அடங்கிவிட்டது. மஞ்சள் என்றால் மாற்றமில்லை.

900 மரபணுக்கள், ஒரே பதில்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆட்ரி காஷ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஈஸ்ட்டுக்குச் சூடு, ரசாயனம், பட்டினி எனப் பல சோதனைகள் வைத்தனர். 2000-ல் வெளியான முடிவு ஆச்சரியம் தந்தது. ஆபத்து எதுவானாலும் சுமார் 900 மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மாறின.

சுமார் 600 அடங்கின. இவை பெரும்பாலும் வளர்ச்சிக்கானவை. சுமார் 300 விழித்தன. பழுதான புரதத்தைச் சரிசெய்வது போன்ற பாதுகாப்பு வேலைகள் இவற்றுடையவை. கையில் காசு இல்லாதபோது மாடி கட்டும் வேலையை நிறுத்திவிட்டு, ஒழுகும் கூரையை அடைப்பது போலத்தான் இது.

அலாரம் யாருக்காக?

இங்கேதான் ட்விஸ்ட். காஷ் குழுவின் 2008 ஆய்வில், இந்த அலாரம் அப்போதைய லேசான ஆபத்தைத் தாண்ட பெரிதாகத் தேவைப்படவில்லை. அடுத்து வரும் பெரிய அடிக்குத்தான் செல்லைத் தயார் செய்தது. லேசான ஆபத்தின்போது புதிய புரதம் உருவாகாமல் தடுத்தால், அந்தத் தாங்கும் சக்தி வரவில்லை.

நமக்கு என்ன பயன்?

எத்தனால் ஆலைத் தொட்டிகளில் ஈஸ்ட் தயாரிக்கும் ஆல்கஹாலே அதற்கு எமன். அதைத் தாங்கும் ஈஸ்ட்டை உருவாக்க இந்தத் தகவல் உதவும். மனிதர்களுக்கு நோய் தரும் கேண்டிடா பூஞ்சையும் ஒரு வகை ஈஸ்ட்தான். மருந்துக்கு அது தாக்குப்பிடிப்பதிலும் இத்தகைய பாதுகாப்புப் புரதங்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் கவசத்தை உடைத்தால், பழைய மருந்தே மீண்டும் வேலை செய்யலாம்.