பழைய டிராக்டரில் புதுச் சத்தமா?

உழவின் நடுவே பழைய டிராக்டர் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தால், 'இந்த வயலை முடித்துவிட்டுப் பார்க்கலாம்' என்று ஓட்டாதீர்கள். என்ஜினை அணைத்து, சமதளத்தில் நிறுத்தி, சிறிது நேரம் கழித்து டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிய பிறகே சத்தத்தைத் தேட வேண்டும்.

என்ஜின் தலைப்பகுதியில் லேசான 'டிக் டிக்' கேட்டால், பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி கூடியிருக்கும். அதைச் சரியான அளவுக்கு வைத்தால் போதும்.

முன்பக்கம் 'கரகர' என்றால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால், வாட்டர் பம்ப் அல்லது டைனமோ பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அடிப்பாகத்தில் கனமாகத் தட்டுகிறது, சுமை ஏறினால் கூடுகிறது, ஆயில் பிரஷரும் இறங்குகிறது என்றால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள். பேரிங்கோடு முடியும் செலவு, மேலும் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடும்.

இடம் பிடிபடவில்லையா? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மீது பல இடங்களில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேளுங்கள். பலமாகக் கேட்கும் இடத்துக்கு அருகில்தான் கோளாறு இருக்கும். துண்டு, வேட்டி, சேலைத் தலைப்பு ஃபேன் பக்கம் போகக் கூடாது. இன்ஜெக்டர் பைப்பை மட்டும் நீங்களே தளர்த்தாதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

சத்தம் குளிர்ந்த என்ஜினிலா, சூடான பிறகா, சுமையிலா என்று கவனித்துச் சொன்னால், மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.