இயங்க மறுக்கும் எஞ்சின்

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக நெடுங்காலம் ஓடியவை பிரீமியர் பத்மினி கார்கள். குர்லாவில் இருந்த தொழிற்சாலையில் உருவான இவை, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டாக்சிப் பணியிலிருந்து விடைபெற்றன. எனினும், அவற்றை ஆசையுடன் பேணி ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். இன்றைய கார் பழுதடைந்தால், அதன் கணினியுடன் ஒரு கருவியை இணைத்துப் பழுதின் குறியீட்டைப் படித்துவிடலாம். பத்மினியில் கணினி இல்லை. மெக்கானிக் தம் செவியையும் கண்ணையும் மூக்கையும் கொண்டே பழுதைக் கண்டறிய வேண்டும். டாக்சி ஓட்டுநருக்கோ, காலையில் எஞ்சின் இயங்காவிட்டால் அன்றைய வருவாயில் பாதி போயிற்று. எனவே, விரைவாகவும் வீண்செலவின்றியும் பழுதைக் காணும் முறை அவருக்கு மிகவும் தேவைப்பட்டது.

பெட்ரோல் எஞ்சின் இயங்குவதற்குப் பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் செல்ல வேண்டும். பிஸ்டன் அக்கலவையை அழுத்த வேண்டும். அழுத்தம் முடியும் தறுவாயில் பிளக்கில் தீப்பொறி எழ வேண்டும். இவை தொடங்குவதற்கு எஞ்சினை முதலில் யாரேனும் சுழற்றிவிட வேண்டும் அல்லவா? பேட்டரியின் ஆற்றலைக் கொண்டு அப்பணியைச் செய்வது ஸ்டார்ட்டர் மோட்டார். ஆகவே, முதல் வினா இதுதான்: சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழல்கிறதா, இல்லையா?

சுழலவில்லை எனில், கார்புரேட்டரையும் பிளக்கையும் தொடவே வேண்டாம். முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மங்கி அணைவது போலானால், பேட்டரி வலுவிழந்துள்ளது. அல்லது அதன் முனைகளில் இணைப்புச் சரியில்லை. விளக்கு மங்காமல் எரிந்தும் எஞ்சின் அசையவில்லை என்றால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதற்குச் செல்லும் மின்னிணைப்பையோ ஆராய வேண்டும். பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி படிந்து மின்னோட்டத்தைத் தடுப்பதுண்டு. அதைத் துடைத்து, முனையை இறுக்கினாலே பல கார்கள் கிளம்பிவிடும். இதைப் பாராமல் புதிய பேட்டரி வாங்கியவர்கள் பலர்!

எஞ்சின் நன்கு சுழன்றும் இயங்கவில்லையா? அப்படியானால் பேட்டரியின் மீது ஐயம் குறைகிறது. இனி, குறை தீப்பொறியிலா, பெட்ரோலிலா என்று பிரித்தறிய வேண்டும். சற்று நேரம் சுழற்றிய பின் ஒரு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்த்தால் போதும். நுனி பெட்ரோலால் நனைந்திருந்தால், பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது என்பது உறுதி, தீப்பொறியைச் சோதிக்கலாம். நுனி உலர்ந்திருந்தால், பெட்ரோல் வரும் வழியைச் சோதிக்கலாம். ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

தீப்பொறியைக் காண, கழற்றிய பிளக்கை அதன் கம்பியில் பொருத்தி, எஞ்சினின் உலோகப் பகுதியைத் தொடுமாறு வைத்துச் சுழற்றுவர். நீலநிறத் தீப்பொறி தோன்றினால் நலம். மஞ்சளாக மெலிந்து தோன்றினாலோ தோன்றாமலே போனாலோ அங்குக் குறை உள்ளது. இச்சோதனையைச் சிறுவர்கள் செய்தல் ஆகாது. பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தத்தைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அருகில் பெட்ரோல் ஆவியும் இருக்கும்.

மும்பையின் மழைக்காலத்தில் தீப்பொறி இல்லாமற் போவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறையாகப் பங்கிட்டுத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியில் ஈரம் படிந்தால், மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் குறை தீரும். துடைத்தும் பயனில்லையெனில், உள்ளிருக்கும் பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். அதன் இரு முனைகளும் கருகியிருக்கலாம். அல்லது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடைவெளி மாறியிருக்கலாம். பிளக்குக் கம்பிகளைக் கழற்றும்போது வரிசையைக் குறித்துக்கொள்வது நன்று. மாற்றிப் பொருத்தினால், இருந்த பழுதோடு புதியதொரு பழுதும் சேர்ந்துகொள்ளும்.

இனிப் பெட்ரோலின் வழி. தொட்டியில் பெட்ரோல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய கார்களின் அளவுமானி பொய் சொல்வதுண்டு. பின்னர் குழாய், வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். வடிகட்டியில் துரு அடைத்திருக்கலாம்; பம்பினுள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம். மாறாக, காருக்குள் பெட்ரோல் வாடை தூக்கலாக வீசினால், பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக் என்னும் பிடியை இழுத்தபடியே பலமுறை முயன்றால் இவ்வாறு நேரும். சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி சில நொடிகள் சுழற்றினால், மிகுந்த பெட்ரோல் வெளியேறிவிடும்.

காலையில் செம்மையாகக் கிளம்பிய கார், கோடை நண்பகலில் நெரிசலில் நின்றுவிட்டு மீண்டும் கிளம்ப மறுப்பதும் உண்டு. அப்போது எப்பகுதியும் பழுதாகி இருக்க வேண்டியதில்லை. எஞ்சினின் வெப்பத்தால் பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு நீர்மத்தைத் தள்ளவல்லது; ஆவியைத் தள்ள அதனால் இயலாது. ஓட்டுநர்கள் பம்பின் மீது ஈரத் துணியைச் சுற்றிவிட்டு நிழலில் காத்திருப்பார்கள். பம்பு குளிர்ந்ததும் ஆவி மீண்டும் பெட்ரோலாகும். கார் ஒன்றும் அறியாதது போல் கிளம்பிவிடும்.