கங்காணிக் கணக்கும் கொரியத் தொடரும்

2021 செப்டம்பரில் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு ‘உயிர்பிழைக்கும்’ ஆட்டங்கள் திரைக்கு வந்தன. 12ஆம் தேதி ஜீ தமிழில் நடிகர் அர்ஜுன் நடத்திய ‘சர்வைவர்’ தொடங்கியது. ஐந்து நாள் கழித்து நெட்ஃபிளிக்ஸில் தென்கொரியாவின் ‘ஸ்க்விட் கேம்’ வெளியானது. சர்வைவரை ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் எடுத்தார்கள். பரிசு ஒரு கோடி ரூபாய். போட்டியாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்றுக்கு ‘வேடர்கள்’ என்றும் இன்னொன்றுக்கு ‘காடர்கள்’ என்றும் பெயர் வைத்தார்கள்.

காடர் என்பது ஆனைமலைப் பழங்குடியின் பெயர். வால்பாறைக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்ட் மழையில் கல்லாரில் மண் சரிந்து வீடிழந்த காடர் குடும்பங்கள், தெப்பக்குளமேட்டில் குடியமர இடம் கேட்டு இரண்டு ஆண்டு போராட வேண்டியிருந்தது. பட்டா கிடைத்தது அதே 2021இல்தான். தொலைக்காட்சியில் காடர்களாக ஓடியவர்களோ பெரும்பாலும் திரையில் பார்த்துப் பழகிய முகங்கள். பெயர் மட்டும் நம் மலையிலிருந்து போனது.

சர்வைவர் வெறும் விளையாட்டு. ஸ்க்விட் கேம் அப்படி இல்லை. கடனில் மூழ்கிய 456 பேரைக் கூட்டிவந்து சிறுபிள்ளை ஆட்டங்கள் ஆடவிட்டு, தோற்றவரைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கடைசியாக நிற்பவருக்கு 4,560 கோடி வோன். இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியூக் கதையை எழுதி, பணம் போட ஆளில்லாமல் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார். நாயகன் கி-ஹூன், கார் கம்பெனியில் வேலை இழந்தவன். 2009இல் சாங்யாங் மோட்டார் ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் 77 நாள் ஆலைக்குள்ளேயே இருந்து போராடினார்கள். போலீஸ் புகுந்து அடித்து முடித்தது. அந்த நிகழ்வை மனதில் வைத்தே கி-ஹூனை உருவாக்கியதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். (அந்தக் கம்பெனியைப் பிறகு சில ஆண்டுகள் வைத்திருந்தது நம் நாட்டு மகிந்திரா.)

ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு: பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டால் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். முதல் ஆட்டத்தில் பாதிக்கு மேல் செத்ததும் ஓட்டெடுத்துப் போகவும் செய்கிறார்கள். வெளியே அதே கடன், அதே நோய், அதே கந்துவட்டி. பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். கதவைத் திறந்து வைத்திருப்பதுதான் அந்தத் தொடரின் கொடூரமான இடம் என்று நமக்குத் தோன்றுகிறது.

திறந்த கதவு நம் மலைக்குப் புதிதல்ல. வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிற்சங்கமும் கட்டிய பி.எச்.டேனியல், 1969இல் ‘ரெட் டீ’ என்ற நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா.முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதில் வரும் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து கங்காணி தந்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கடன் தீர்ந்தால் ஊருக்குப் போகலாம். ஆனால் வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கணக்கில் ஏற, கடன் தீராது. மலேரியாவும் பட்டினியும் ஆட்களைக் கொண்டுபோகும். பாலாவின் ‘பரதேசி’ (2013) இந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அதன் முடிவில் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்து நாயகன் கதறுவான். ஆனால் மருத்துவர் பாத்திரத்தை மதம் பரப்பும் கோமாளியாக்கியதை நம்மால் ஏற்க முடியவில்லை. டேனியல் இருந்த இடம் அதுவல்ல.

கொரியத் தொடரில் கடன் யாரை வேண்டுமானாலும் பிடிக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்த சாங்-வூவும் அங்கே இருக்கிறான். கங்காணி அப்படி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பெரும்பாலும் சேரிக்குத்தான் வந்தான். நிலமில்லாதவர்கள், ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மலைக்குப் போனால் ஆண்டையின் பிடி தளரும் என்ற ஆசையும் அவர்களைக் கூட்டிவந்தது. வர்க்கத்தைப் பேசும் தொடர்களை நாம் பார்க்கும்போது, ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன் எந்தத் தெருவுக்குப் போனான் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொடரில் நம்மை உலுக்கியவர் 199ஆம் எண் அலி. பாகிஸ்தானிலிருந்து போன தொழிலாளி. நடித்தவர் டெல்லியைச் சேர்ந்த அனுபம் திரிபாதி. முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தராமல் ஏமாற்றியதால் அலி ஆட்டத்துக்கு வருகிறார். சாங்-வூவை ‘முதலாளி’ என்றே கூப்பிடுகிறார். ‘அண்ணன்னு கூப்பிடு’ என்கிறான் அவன். கோலி ஆட்டத்தில் அந்த அண்ணன்தான் அவருடைய கோலிகளைத் திருடிச் சாகவிடுகிறான்.

இன்று வால்பாறைத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போய்விட, அவர்கள் இடத்தில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். 2025இல் இங்கே சிறுத்தைக்குப் பலியான குழந்தைகள் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நூறு ஆண்டுக்கு முன் நாம் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மையும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் காட்டிய நிறுவனம் என்ன செய்தது? முதல் பருவத்துக்கு ஆன செலவு சுமார் 2 கோடியே 14 லட்சம் டாலர்; நிறுவனத்துக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 90 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 2023இல் நிஜ மனிதர்கள் 456 பேரை வைத்து ஒரு போட்டி நிகழ்ச்சியும் நடத்தினார்கள். சாவு மட்டும் இல்லை. கண்டனமே சரக்காகிவிட்டது. அதற்காகத் தொடரைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓட்டெடுக்கிறார்கள். அது 2024 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது. 2028இல் குத்தகை முடிவதால் தோட்டத்தை மூடுகிறார்கள். தலைமுறைகளாக இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். படிவத்தின் பெயர் ‘விருப்ப ஓய்வு’.

வால்பாறையிலும் லைன் வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை முடிந்தால் வீடும் போகும். லைன் வீட்டுத் திண்ணையில் செல்போனில் இந்தத் தொடரைப் பார்க்கும் மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் கூட்டிவந்தார், முன்பணம் எவ்வளவு, அது எப்போது தீர்ந்தது? நோட்டில் எழுதி வையுங்கள். அவர் வீட்டைக் காலி செய்து நாற்பது வளைவும் இறங்கிப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.