பூட்டு மாற்றும் வேளை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஃபயர்வால் சாஃப்ட்வேரை அலுவலகங்கள் நம்பலாமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நாட்டின் பல விமான நிலையங்களில் பயணிகள் கையில் கிடைத்தது பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. வைரஸ் அல்ல, வைரஸைத் தடுக்க வேண்டிய க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அப்டேட்தான் காரணம். சாஃப்ட்வேர் 20 தகவல்களை மட்டுமே தந்துகொண்டிருக்க, புதிய கோப்பு 21-ஆவதைத் தேடியது. இந்திய நேரப்படி காலை 9.39க்கு வெளியானதை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். பாதிப்பு நீங்கத்தான் நாட்கள் பிடித்தன.

க்ரவுட்ஸ்ட்ரைக் ஃபயர்வால் அல்ல. ஆனால் அதுவும் வாசலில் நிற்கும் காவல்தான். எனவே ஃபயர்வாலைப் பராமரிப்பவர்களிடமும் அதே பயம். உதாரணத்துக்கு ஓப்பன்சென்ஸ். 2015இல் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்துவந்த இலவச ஃபயர்வால். ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு. இடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு சிறிய அப்டேட். இந்த வேகம் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. தலைமையகத்தில் இருந்தபடி வெளியூர்க் கிளையின் ஃபயர்வாலைப் புதுப்பிப்பவர், அந்த ஃபயர்வால் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். அது எழுந்திருக்காவிட்டால் அவருக்கும் வழியில்லை. உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான்.

சரி, தொடாமல் இருந்துவிட்டால்? மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் தந்த திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்களை மே மாதம் வான்னாக்ரை சூறையாடியது. ஆந்திரப் போலீஸாரின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. 2024 ஏப்ரல் 12இல் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வாலிலேயே ஓட்டை இருப்பது வெளியானது. அபாய அளவு பத்துக்குப் பத்து. திருத்தம் இரண்டு நாளில் வரத் தொடங்கியது. திருடர்களோ அதற்கு முன்பே நுழைந்திருந்தார்கள். இங்கே 'ஒரு மாதம் பார்க்கலாம்' என்பது திறந்த வீட்டில் தூங்குவதுதான்.

உண்மையில் அடிக்கடி வருவது குற்றமல்ல. சிறிய மாற்றம் என்றால் எது கெடுத்தது என்று சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். கவலைப்பட வேண்டியது அடித்தளமே மாறும் பெரிய பதிப்புகளுக்கு. விவரமறிந்தவர்கள் அவற்றை வந்த அன்றே போடுவதில்லை. முதல் ஒன்றிரண்டு திருத்தங்கள் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஓப்பன்சென்ஸே வணிக நிறுவனங்களுக்கென்று கட்டணப் பதிப்பு ஒன்றைச் சில மாதம் தாமதமாக, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு ஜாதி. அவற்றுக்குக் காத்திருப்பு கூடாது.

நல்ல வழி, இரண்டு இயந்திரங்களை ஜோடியாக வைப்பது. சும்மா நிற்பதை முதலில் புதுப்பித்து, வேலையை அதற்கு மாற்றி, ஒழுங்காக ஓடினால் மற்றதைத் தொடுவது. பெரிய வங்கிகளுக்கு இது எளிது. ஒரே ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டும் சிறிய கூட்டுறவு வங்கிக்கும் பள்ளிக்கும்தான் சிக்கல். அமைப்புகளின் நகலை எடுத்துவைத்து, பழைய நிலைக்குத் திரும்பும் வழியை உறுதி செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவர் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது. கையில் செல்போன் இன்டர்நெட்டோடு.