உவர்ப்புக் கடற்கரையில் மக்காச்சோளமும் மட்கு எருவும்: மரக்காணம் உப்பளப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் தமிழகத்தின் உப்பு உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். கழுவேலியைக் கடலோடு இணைக்கும் உவர்நீர்ப் பரப்பை ஒட்டி உப்பளப் பாத்திகள் விரிந்துள்ளன. அவற்றுக்கு அப்பால் நெல்லும் மணிலாவும் சவுக்கும் விளையும் நிலங்கள் தொடங்குகின்றன. உப்பளத்தில் வருவாயாகும் பொருளே பக்கத்து வயலில் இழப்பாகிறது. இத்தகைய நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட முற்படுவோர்க்குக் கழிவுகளிலிருந்து பெறப்படும் மட்கு எரு பரிந்துரைக்கப்படுவது பொருத்தமானதே. எனினும், எருவின் வழியாகவும் நிலத்திற்கு உப்பு வந்துசேரும் என்பது போதிய கவனம் பெறுவதில்லை.

பயிரின் தாங்குதிறன்

மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977இல் தொகுத்தளித்த அளவீடுகளின்படி, மண்ணின் நிறைநிலைச் சாற்றில் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன் வரை இருப்பின் மக்காச்சோள விளைச்சல் குறைவதில்லை. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது. அளவு 3.7ஐ எட்டினால் ஏறக்குறைய கால்பங்கு விளைச்சல் இல்லாமற் போகும். பருத்தியின் வரம்பு 7.7 என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மேலும், முளைக்கும் நிலையைவிட இளஞ்செடி நிலையிலேயே மக்காச்சோளம் உப்பால் மிகுதியும் பாதிக்கப்படுகிறது. ஆதலால் விதை முளைத்துவிட்டதை நிலம் ஏற்றதென்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

எரு ஆற்றும் பணி

சோடியம் மிகுந்த மண்ணில் களித்துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மட்கு எரு அத்துகள்களைத் திரளச் செய்து நீர் உட்புக வழி தருகிறது. அது சிதையும்போது வெளிப்படும் கரியமில வாயுவும் கரிம அமிலங்களும் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கின்றன. விடுபட்ட கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கிறது. எரு உப்பை அழிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை அதனை வேர்ப்பகுதிக்குக் கீழே கொண்டுசெல்லத் துணைநிற்கிறது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் தாழ்வான வயல்களில் வடிகால் இல்லையெனில் இப்பயன் கிட்டாது.

எருவின் உப்புச்சுமை

1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகர்ப்புற மட்கு எருவின் மின்கடத்துத்திறனுக்கு 4 டெசிசீமன் என உச்சவரம்பு விதிக்கிறது. இதனை மேற்கண்ட 1.7உடன் நேரடியாக ஒப்பிடுதல் பிழையாகும். எருவை ஐந்து மடங்கு நீரில் கலந்தே இவ்வளவு அறியப்படுகிறது. அவ்வாறு நீர்த்த நிலையிலும் 4 எனில், எருவின் உப்புச்சுமை அவ்வெண் காட்டுவதைவிட மிகுதி.

அளவைக் கருதும்போது சிக்கல் மேலும் தெளிவாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்தும் 12.5 டன் தொழு உரமும் பரிந்துரைக்கிறது. மேற்கூறிய ஆணையின் குறைந்தபட்ச அளவான 0.8 விழுக்காடு தழைச்சத்துடைய எருவினால் மட்டுமே 250 கிலோவை நிறைவுசெய்ய 31 டன்னுக்கு மேல் இடவேண்டும். முதற்பருவத்தில் அதன் ஒரு பகுதியே பயிருக்குக் கிட்டுமாதலால் உண்மைத் தேவை இன்னும் கூடும். உள்நாட்டு வயலில் இது பெரும்பாலும் செலவு பற்றிய வினா. மரக்காணத்திலோ உப்பு பற்றியதுமாகும். எருவைப் பரிந்துரைத்த அளவில் நிறுத்தி, உவர்ப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டைப் பசுந்தாளாக மடக்கி உழுதலும், எஞ்சிய தழைச்சத்தை மேலுரமாக இடுதலும் இங்குப் பொருந்தும்.

மூலப்பொருளும் காலமும்

கருவாட்டுக் கழிவு, கடற்பாசி, உணவகங்களின் மிச்சம் ஆகியன கடற்கரையில் எளிதிற் கிடைப்பினும் உப்பு மிக்கவை. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து பெறும் தென்னை நார்க்கழிவும் அத்தகையதே. நன்னீரில் அலசிய பின்னரே அதனை மட்கவைத்தல் வேண்டும். சிப்பிக்காளானைக் கொண்டு மட்கவைக்கையில் அதன் கரிம-தழைச்சத்து விகிதம் 112:1இலிருந்து 24:1 அளவிற்குக் குறைகிறது. மட்காமல் இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும்.

எருவைப் புரட்டாசி மழைக்கு முன்னரே இட்டுத் தைப்பட்டத்தில் விதைத்தால் அதன் உப்பும் மழையோடு கீழிறங்கும். நைட்ரேட்டின் ஒரு பகுதியும் உடன் வெளியேறும் என்பது உண்மையே. அவ்விழப்பை மேலுரத்தால் ஈடுசெய்யலாம்; கிணற்று நீரும் உவர்ப்பாக உள்ள வயலில் வேர்ப்பகுதியில் தங்கிவிட்ட உப்பை அடுத்த மழைக்காலம் வரை வெளியேற்ற வழியில்லை.